வீட்டிலிருந்தே வருமானம்: மணிக்கு என்ன கூலி?

மாதம் ஆயிரம் ரூபாயெல்லாம் ஒரு பணமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஆயிரத்தைக் கேஸ் சிலிண்டருக்கும் பிள்ளையின் டியூஷனுக்கும் மாமியாரின் சர்க்கரை மாத்திரைக்கும் பங்கிட்டுப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களின் கணக்கில் மாதந்தோறும் போடுவது அந்த ஆயிரம் ரூபாயைத்தான். சிறு தொகை ஒரு குடும்பத்தை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஆகவே, வீட்டில் இருந்தபடியே ஆன்லைனில் மாதம் இரண்டாயிரமோ மூவாயிரமோ சம்பாதிக்க வழி உண்டா என்று ஒருவர் விசாரித்தால், அதைப் பேராசை என்று ஒதுக்கக் கூடாது. அது நியாயமான கேள்வி. நேர்மையான பதில் அதற்கு வேண்டும்.

இன்று அந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள்தான் காதில் விழுகின்றன. ‘போன் இருந்தால் போதும், தினமும் ஆயிரம்’ என்று ஒரு கூட்டம் கூவுகிறது. ‘எல்லாமே பிராடு, கிட்டப் போகாதே’ என்று இன்னொரு கூட்டம் அதட்டுகிறது. முதல் பதிலை நம்பிப் பணத்தைத் தொலைத்தவர்கள் ஏராளம். இரண்டாவது பதிலை நம்பி, கையில் இருந்த திறமைக்குக் கிடைத்திருக்கக்கூடிய வருமானத்தை விட்டவர்களும் ஏராளம். வேலை இருக்கிறது, கூலியும் இருக்கிறது. எந்த வேலைக்கு எவ்வளவு, அதில் கையில் நிற்பது எவ்வளவு, தகராறு வந்தால் யாரிடம் போய் நிற்பது என்பவற்றைத்தான் நாம் விசாரிக்க வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘மாதம் எவ்வளவு வரும்’ என்பது இங்கே தவறான முதல் கேள்வி. ‘மணிக்கு எவ்வளவு நிற்கும்’ என்பதே சரியான கேள்வி. இரண்டாவதாக, கணினித் திரையில் நடக்கும் இந்த வேலை நம் ஊர்களில் தலைமுறைகளாக நடந்துவரும் துண்டுக் கூலி வேலையின் தொடர்ச்சி. அந்தப் பழைய வேலைக்குச் சட்டம் கொடுத்த பாதுகாப்பைப் புதிய வேலைக்கும் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

துண்டு நேரம், துண்டுக் கூலி

மத்திய புள்ளியியல் அமைச்சகம் 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளைச் செய்யும் பெண்கள் அவற்றுக்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். அவற்றைச் செய்யும் ஆண்கள் 88 நிமிடங்கள். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் சமையலுக்கும் துவைப்பதற்கும் துடைப்பதற்கும் போன பிறகு மிஞ்சுவது, பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவதற்கு முன் ஒரு மணி, எல்லோரும் படுத்த பின் ஒரு மணி என்று சிதறிக் கிடக்கும் நேரம். அந்த நேரத்துக்கு ஏற்ற வேலையைத்தான் வீட்டில் இருப்பவர்கள் எப்போதும் தேடி வந்திருக்கிறார்கள்.

அந்தத் தேவையை முதலாளிகளும் எப்போதும் அறிந்தே இருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பெண்கள் பீடிக்கடையிலிருந்து இலையும் தூளும் வாங்கிவந்து, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சுற்றுகிறார்கள். சிவகாசி வட்டாரத்தில் வீட்டுத் திண்ணைகளில் தீப்பெட்டி ஒட்டினார்கள். மதுரையில் அப்பளமும் பூ கட்டுவதும் அப்படித்தான். சரக்கு வீட்டுக்கு வரும், செய்து கொடுத்தால் எண்ணிப் பார்த்துக் கூலி. இடம், விளக்கு, முதுகுவலி எல்லாம் வேலை செய்பவரின் பொறுப்பு. தரமில்லை என்று கடைக்காரர் கழித்துப் போட்டதற்குக் காசு கிடையாது.

2005 நவம்பரில் அமேசான் நிறுவனம் ‘மெக்கானிக்கல் டர்க்’ என்ற தளத்தைத் திறந்தபோது, உலகளவில் நடந்தது இதேதான். ஒரு படத்தில் நாய் இருக்கிறதா பூனை இருக்கிறதா, இந்த ரசீதில் உள்ள தொகை என்ன, இந்த இரண்டு முகவரிகளும் ஒன்றா என்பன போன்ற, கணினிக்குக் கைவராத சிறு வேலைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, உலகில் எங்கிருந்தாலும் செய்துகொடுப்பவருக்குச் சில காசுகள். 2010இல் பேராசிரியர் பனோஸ் இபெய்ரோடிஸ் எடுத்த கணக்கில், அங்கே வேலை செய்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்தியர். இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு அடித்தளமிட்ட ‘இமேஜ்நெட்’ என்ற படத் தொகுப்பில் இருக்கும் 1 கோடியே 40 லட்சம் படங்களைப் பெயரிட்டு வகைப்படுத்தியவர்கள், 167 நாடுகளிலிருந்து இந்தத் தளம் வழியாக வேலை செய்த ஏறத்தாழ 49,000 பேர். அவர்கள் இல்லாமல் அந்த அறிவியல் சாதனை இல்லை. ஆனால் அவர்கள் பெயர் எங்கும் இல்லை.

அதன் பின் இந்த உலகம் பெருகிவிட்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2021 அறிக்கைப்படி, இணையவழி வேலைத் தளங்களும் விநியோகம், டாக்சி போன்ற சேவைத் தளங்களும் சேர்ந்து 2010இல் 142ஆக இருந்தவை 2020இல் 777ஐத் தாண்டின. உலக வங்கியின் 2023 அறிக்கை, ஆன்லைனில் சில்லறை வேலை செய்வோர் உலகில் குறைந்தது 15 கோடிப் பேர், கூடினால் 43 கோடிப் பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. இந்த இடைவெளியே ஒரு செய்தி சொல்கிறது: இவர்களை எந்த அரசும் முறையாக எண்ணவில்லை.

எந்த வேலைக்கு என்ன நிற்கும்?

வீட்டிலிருந்து செய்யும் ஆன்லைன் வேலைகளை நான்கு படிகளாகப் பிரித்துப் பார்க்கலாம். படி ஏற ஏறக் கூலி கூடும், நுழைவதும் கடினமாகும்.

முதல் படி, எந்தத் தகுதியும் கேட்காத நுண்பணிகள். இதில் ஆகக் கீழே இருப்பது கேப்ட்சா தட்டுவது. ‘நான் ரோபோ அல்ல’ என்று நிரூபிக்க இணையத்தளங்கள் காட்டும் கோணல் எழுத்துகளைப் படித்துத் தட்டிக் கொடுக்க வேண்டும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் 2010இல் இந்தச் சந்தையை ஆராய்ந்தபோது, ஆயிரம் கேப்ட்சாவுக்குத் தொழிலாளியின் கைக்கு வந்தது அரை டாலர் அளவுதான். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தாலும் 43 ரூபாய். ஒன்றுக்குப் பத்து விநாடி பிடித்தால் ஆயிரத்தை முடிக்க இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். மணிக்குப் பதினைந்து, பதினாறு ரூபாய். அதைவிட வருத்தமான விஷயம், இப்படித் தட்டிக்கொடுக்கும் எழுத்துகளில் பெரும்பகுதி, போலிக் கணக்குகளை ஆயிரக்கணக்கில் திறப்பவர்களுக்குப் போய்ச் சேர்கிறது. கண்ணும் கெட்டு, பிறர் ஏமாற நாமும் துணைபோகும் வேலை இது. வேண்டவே வேண்டாம்.

சர்வே நிரப்புவது அதற்கு ஒரு படி மேல். ஆனால் நல்ல கூலி தரும் ஆய்வுத் தளங்கள் பல, இந்தியாவிலிருந்து ஆட்களைச் சேர்ப்பதில்லை. சேர்க்கும் தளங்களில் பல, பணத்துக்குப் பதில் கூப்பனாகவோ செயலிக் கடைக்கான இருப்பாகவோ கொடுக்கின்றன. பத்து நிமிடம் கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகு ‘நீங்கள் இந்த ஆய்வுக்குப் பொருந்தவில்லை’ என்று வெளியேற்றுவதும் அன்றாடம் நடப்பதே. பொழுதுபோக்காகச் செய்யலாம், வருமானம் என்று கணக்கில் எழுத முடியாது.

படம் பார்த்துக் குறியிடுவது, தேடல் முடிவுகளை மதிப்பிடுவது போன்ற நுண்பணிகள் சற்று மேல். இவற்றுக்கு நம்பகமான கணக்கு உண்டு. மெக்கானிக்கல் டர்க்கில் 2,676 பேர் செய்த 38 லட்சம் பணிகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, அவர்களுடைய இடைநிலை வருமானம் மணிக்கு ஏறத்தாழ 2 டாலர் என்று கண்டது. அமெரிக்காவின் தேசியக் குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலருக்கு மேல் சம்பாதித்தவர்கள் நூற்றுக்கு 4 பேர்தான். நம் ரூபாயில் 170 என்று பார்க்கும்போது மோசமில்லை என்று தோன்றும். ஆனால் வேலை எல்லா நேரமும் கிடைப்பதில்லை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இரண்டாம் படி, தட்டச்சும் எழுத்தும் சார்ந்தவை: ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்குவது, மெய்ப்புப் பார்ப்பது, மொழிபெயர்ப்பு, வீடியோக்களுக்கு வசனம் போடுவது. இங்கேதான் தமிழ் நமக்குக் கைகொடுக்கத் தொடங்குகிறது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மணி நேர நேர்காணலை எழுத்தாக்க, நிமிடத்துக்கு 10 ரூபாய் என்று பேசினால் 600 ரூபாய். தெளிவான குரல், ஒருவர் பேச்சு, பழகிய கை என்றால் நான்கு மணி நேரத்தில் முடியும். திரும்பக் கேட்டுத் திருத்த இன்னொரு மணி. மணிக்கு 120 ரூபாய் நிற்கிறது. அதே பதிவில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசி, பின்னால் மிக்சியும் ஓடினால் எட்டு மணி நேரம் இழுக்கும். கூலி 75க்கு இறங்கிவிடும். ஆகவே இந்த வேலைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் ஐந்து நிமிடப் பதிவையாவது கேட்டுப் பார்த்து, தரத்துக்கு ஏற்பக் கூலி பேசுவதே முறை. யூனிகோடில் பிழையின்றி, பார்க்காமல் தட்டத் தெரிந்தவருக்கு இந்தச் சந்தையில் என்றும் மதிப்பு உண்டு. தமிழ்99 விசைப்பலகையைப் பழகினால் இந்தக் கணக்கில் வேகம் கூடும், மணிக்கூலியும் அதோடு கூடும்.

மூன்றாம் படி, தொழில்திறன் வேலைகள்: கணக்கு எழுதுவது, வடிவமைப்பு, வீடியோ தொகுப்பு, நிரல் எழுதுவது. அப்வொர்க், ஃபைவர் போன்ற தளங்களில் வெளிநாட்டு வாடிக்கையாளர் கிடைத்தால் கூலி பல மடங்கு. ஆனால் போட்டியும் உலகம் முழுவதிலிருந்தும் வரும். முதல் வேலை கிடைப்பதுதான் பெரும்பாடு. மதிப்பீடு இல்லாதவரை யாரும் அழைப்பதில்லை. அழைக்காதவரை மதிப்பீடு வருவதில்லை. இந்தச் சுவரைத் தாண்ட, உள்ளூரில் தெரிந்தவர்களுக்கு நாலைந்து வேலை செய்து மாதிரிகளைச் சேர்த்துக்கொள்வது, ஒரே வகை வேலையை மட்டும் குறிவைப்பது என்ற இரண்டு வழிகள்தான் பலருக்கும் பலித்திருக்கின்றன. ‘எல்லாம் செய்வேன்’ என்பவரைவிட ‘ஹோட்டல் மெனு கார்டு மட்டும் வடிவமைப்பேன்’ என்பவருக்கு வேலை வரும்.

நான்காம் படி, மனிதரோடு மனிதராகச் செய்வது. ஆன்லைன் டியூஷன், பாட்டு, வீணை, யோகா, சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கும் தமிழ்க் குழந்தைகளுக்கு மொழி கற்பிப்பது. அமெரிக்காவில் பள்ளி விட்டு வரும் மாலை நமக்கு விடியற்காலை. வீட்டு வேலை தொடங்கும் முன்பே ஒரு வகுப்பை முடித்துவிடலாம். பெற்றோர் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லித்தான் மாணவர்கள் வருவார்கள் என்பதால் விளம்பரச் செலவு இல்லை, நடுவில் கமிஷன் பிடிப்பவரும் இல்லை. சிறு தொகை நிலையாக வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

யூடியூபையும் எழுத்தையும் இதே படியில் வைக்கலாம். ஆனால் அவை கூலி அல்ல, விதைப்பு. விளம்பர வருமானத்தில் பங்கு பெற 1,000 சப்ஸ்கிரைபர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் வீடியோக்களுக்கு 1 கோடிப் பார்வையும் வேண்டும். அதன் பின்னும் கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வெளியே வரும். கிண்டிலில் தமிழ் நூல்களை நாமே வெளியிட வழி இருக்கிறது. தொடர்கதை எழுதி வாசகர்களைச் சேர்த்தவர்கள் அதில் மாதாமாதம் ஒரு தொகை பார்க்கிறார்கள். அடுத்த மாத மளிகைக்கு இதை நம்ப முடியாது. ஓராண்டு பொறுக்க முடிந்தவர்களுக்கான வழி இது.

கணக்கில் எழுதாத செலவுகள்

மேலே சொன்ன மணிக்கூலி பெரும்பாலும் வேலை கையில் இருக்கும் மணிக்கு உரியது. வேலையைத் தேடும் மணிக்கு யாரும் கொடுப்பதில்லை. 75 நாடுகளில் 3,500 பேரிடம் விசாரித்துச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கை, நுண்பணி செய்பவர்கள் கூலி கிடைக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கூலியில்லாத 20 நிமிடத்தை வேலை தேடுவதிலும் தகுதித் தேர்வு எழுதுவதிலும் செலவழிப்பதாகச் சொன்னது. அதே அமைப்பின் 2021 அறிக்கையில், ஆன்லைன் தளங்களில் வேலை செய்வோரின் சராசரி வருமானம் மணிக்கு 3.4 டாலர், அவர்களில் பாதிப் பேருக்கு 2.1 டாலருக்கும் குறைவு. அந்தச் சராசரியை மேலே இழுப்பவர்கள் மேற்படிகளில் இருக்கும் சிலர்.

தளத்தின் கமிஷனும் உண்டு. ஃபைவர் நூற்றுக்கு 20 பிடிக்கிறது. அப்வொர்க்கில் வேலைக்கு விண்ணப்பிக்கவே ‘கனெக்ட்ஸ்’ என்ற பெயரில் காசு கட்ட வேண்டியிருக்கிறது. டாலரை ரூபாயாக்கும்போது இடைத்தரகு நிறுவனம் சில சதவீதம் எடுத்துக்கொள்ளும். குறைந்தபட்சத் தொகை சேரும்வரை பணத்தை எடுக்க முடியாது என்ற விதியால், பாதியில் விட்டுப் போனவர்களின் சில்லறை தளத்திலேயே தங்கிவிடும். இவற்றோடு இணையக் கட்டணம், மின்சாரம், கண் கூச்சம், கழுத்துவலி. எல்லாவற்றையும் கழித்து, செலவழித்த எல்லா மணி நேரத்தாலும் வகுத்தால் வருவதே உண்மையான கூலி. ஒரு நோட்டில் இரண்டு வாரம் இதை எழுதிப் பார்ப்பவருக்கு, எந்த வேலையை விட வேண்டும் என்று வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

வலை விரிப்பவர்கள்

தேவை இருக்கும் இடத்துக்கு மோசடி முதலில் வந்து சேரும். 2010இல் ‘ஸ்பீக் ஏசியா’ என்ற நிறுவனம் 11,000 ரூபாய் கட்டி உறுப்பினரானால், வாரந்தோறும் சர்வே நிரப்பிச் சம்பாதிக்கலாம் என்றது. இருபது லட்சத்துக்கு மேற்பட்டோர் சேர்ந்தார்கள். புதியவர் கட்டியதை எடுத்துப் பழையவருக்குக் கொடுத்த அந்த ஏற்பாடு, 2011இல் மும்பைப் போலீஸ் விசாரணையோடு நொறுங்கியது. விளம்பரம் பார்த்தால் பணம் என்று செயலி நடத்திய ஒரு நிறுவனத்தின் மீது வழக்குப் பதிவானபோது, அந்த நிறுவனத்துக்கு ஆதரவாகவே 2024 ஜனவரியில் கோவை நீலம்பூரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அவர்களை ஏளனம் செய்வது எளிது. வீட்டிலிருந்தே வரும் நாலு காசுக்கு எத்தனை பேர் ஏங்குகிறார்கள் என்பதை அந்தக் கூட்டம் காட்டியது என்பதுதான் எனக்கு முக்கியம்.

இன்று புழங்கும் மோசடிகளில் இரண்டை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். முதலாவது ‘ஃபார்ம் ஃபில்லிங்’. படிவங்களைப் பார்த்துத் தட்டும் வேலை, ஆறு நாளில் ஐந்நூறு படிவம், பல ஆயிரம் ரூபாய் கூலி என்பார்கள். ஆதார் நகலும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, முத்திரைத்தாள் போலத் தெரியும் ஓர் ஒப்பந்தத்தை அனுப்புவார்கள். கடைசி இரண்டு நாளில் தளம் திறக்காது. திறந்து முடித்தாலும் ‘பிழை அதிகம், தேறவில்லை’ என்று அறிக்கை வரும். மறுநாள் ‘அட்வகேட்’ என்று ஒருவர் போனில் மிரட்டுவார்: ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், கேஸ் போட்டாயிற்று, உடனே இவ்வளவு கட்டினால் முடித்துவைக்கிறேன். அவமானத்துக்குப் பயந்து கணவரிடம்கூடச் சொல்லாமல் நகையை அடகு வைத்துக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். தெரிந்துகொள்ள வேண்டியது இது: தட்டச்சுப் பிழைக்காக யாரையும் கைது செய்ய முடியாது. ஒப்பந்த மீறல் என்பது சிவில் விவகாரம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எவ்வளவு பெரிய அபராதம் எழுதியிருந்தாலும், நியாயமான இழப்பீட்டை மட்டுமே நீதிமன்றம் கொடுக்கச் சொல்லும் என்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் மிரட்டலுக்குப் பைசா கட்டத் தேவையில்லை. மிரட்டலைச் சேமித்துவைத்துப் புகார் கொடுங்கள்.

இரண்டாவது, டெலிகிராம் ‘டாஸ்க்’. வீடியோவுக்கு லைக் போட்டால், ஹோட்டலுக்கு நட்சத்திரம் கொடுத்தால் ஐம்பது ரூபாய். முதல் நாள் நூற்றைம்பது, இருநூறு உண்மையாகவே கணக்கில் விழும்; அதுதான் தூண்டில் புழு. பிறகு ஒரு குழுவில் சேர்ப்பார்கள். அங்கே மற்றவர்கள் வரிசையாக லாபத்தின் ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்களின் ஆட்கள். அடுத்து ‘ப்ரீபெய்ட் டாஸ்க்’: ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறு. திரையில் இருப்பு ஏறும். எடுக்கப் போனால் வரி கட்டு, அபராதம் கட்டு என்பார்கள். 2023 டிசம்பரில் உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்றத் தடுப்பு மையம் பரிந்துரைத்து, இப்படிப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட இணையத்தளங்களை மத்திய அரசு முடக்கியது. தளங்கள் பெயர் மாறி மீண்டும் வந்துவிட்டன. இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. முதல் நாள் நமக்கு விழுந்த இருநூறு ரூபாய் வேறொருவர் ஏமாந்த பணமாக இருக்கலாம். அதன் தடம் பிடித்து வரும் போலீஸ், நம் வங்கிக் கணக்கை முடக்கும். கமிஷனுக்காகக் கணக்கை வாடகைக்கு விடுபவர் குற்றவாளியாகவே ஆகிவிடுவார்.

மோசடியை அடையாளம் காண ஒரே விதி போதும்: வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், டெபாசிட், வரி என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு ஒரு மணி நேரத்தையும் வீணாக்காமல் சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

கணினி தானே செய்யத் தொடங்கிய பிறகு

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பின் இந்தச் சந்தையின் அடித்தளம் அசைந்தது. அப்வொர்க் தளத்தை ஆராய்ந்த அமெரிக்கப் பொருளியல் ஆய்வாளர்கள், எழுத்துப் பணிகளில் கிடைக்கும் வேலைகள் 2 சதவீதமும் மாத வருமானம் 5.2 சதவீதமும் குறைந்ததாக 2023இல் எழுதினார்கள். இந்தியாவில் பலரும் வீட்டிலிருந்து கணக்குக்கும் அறிவியலுக்கும் விடை எழுதிக் கொடுத்த செக் நிறுவனத்தின் பங்கு விலை, 2023 மே மாதத்தில் ஒரே நாளில் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. சாதாரணத் தட்டச்சு, சாதாரண மொழிபெயர்ப்பு, சாதாரணக் கட்டுரை எல்லாவற்றுக்கும் இனிக் கூலி இறங்கவே செய்யும்.

ஆனால் தமிழுக்கு இதில் ஒரு திறப்பும் இருக்கிறது. இயந்திரத்துக்குத் தமிழ் கற்பிக்க மனிதக் குரலும் மனிதத் திருத்தமும் வேண்டும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத், மத்திய அரசின் பாஷினி போன்ற முயற்சிகள் இந்திய மொழிகளில் பேச்சையும் எழுத்தையும் திரட்டி வருகின்றன. கொங்குப் பேச்சையும் நெல்லைப் பேச்சையும் நாஞ்சில் நாட்டுப் பேச்சையும் பிரித்தறிந்து திருத்தக்கூடியவர் வேறு நாட்டில் கிடைக்க மாட்டார். பெங்களூரைச் சேர்ந்த கார்யா என்ற அமைப்பு, கிராமத்தினரிடம் கைப்பேசி வழியே குரல் பதிவு வாங்க மணிக்கு ஏறத்தாழ 5 டாலர் கொடுத்தது. தரவு மறுபடி விற்றால் பேசியவருக்கும் பங்கு உண்டு என்று விதி வகுத்தது. இந்தத் துறையில் கூலி குறைவாக இருப்பது இயற்கை விதி அல்ல, கொடுப்பவரின் தேர்வு என்பதை இது நிரூபிக்கிறது.

கழிக்கும் உரிமையும் கொடுக்கும் கடமையும்

பீடித் தொழிலாளர் கதைக்கு இப்போது திரும்ப வேண்டும், ஏனென்றால் வழி அங்கேதான் இருக்கிறது. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுபவரையும் தொழிலாளி என்றே வரையறுத்தது. அவர்களுக்கு வருங்கால வைப்பு நிதி கொடுக்க வேண்டியதில்லை என்று கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் போயின. அவர்கள் எங்கள் கூரையின் கீழ் வேலை செய்வதில்லை, நாங்கள் மேற்பார்வை செய்வதில்லை, ஆகவே எங்கள் ஆட்கள் அல்ல என்பது வாதம். 1985இல் பி.எம். பட்டேல் வழக்கில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. செய்து கொண்டுவந்த பீடியைத் தரமில்லை என்று கழிக்கும் உரிமை உங்களிடம் இருக்கிறது. அந்த உரிமையே கட்டுப்பாடுதான். ஆகவே அவர்கள் உங்கள் தொழிலாளர்களே என்பது தீர்ப்பின் சாரம்.

இந்த அளவுகோலை ஆன்லைன் வேலைக்கு வைத்துப் பாருங்கள். மெக்கானிக்கல் டர்க்கில் வேலை கொடுத்தவர், செய்ததை நிராகரித்துவிட்டுக் கூலி கொடுக்காமல் இருக்கலாம். செய்த வேலை மட்டும் அவரிடமே இருக்கும். நிராகரிப்பு கூடினால் தொழிலாளியின் மதிப்பெண் இறங்கி, அடுத்த வேலைகளும் கிடைக்காமல் போகும். பீடிக்கடைக்காரரிடம் இருந்ததைவிடப் பெரிய கட்டுப்பாடு இது. இதை எதிர்கொள்ள 2008இல் லில்லி இரானியும் சிக்ஸ் சில்பர்மனும் ‘டர்காப்டிகான்’ என்ற கருவியை உருவாக்கினார்கள். வேலை கொடுப்பவர்களுக்குத் தொழிலாளர்கள் மதிப்பெண் போடவும், ஒருவரையொருவர் எச்சரிக்கவும் அது இடம் கொடுத்தது. நல்ல முயற்சி, ஆனாலும் சட்டம் செய்ய வேண்டியதைத் தொழிலாளர்கள் தாங்களே செய்ய வேண்டிவந்தது.

இந்தியாவில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, துண்டு துண்டாக வேலை எடுத்துச் செய்யும் ‘கிக் தொழிலாளர்’ என்ற பிரிவை முதன்முதலாக அங்கீகரித்தது. ஆனால் அவர்களை வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே வைத்தே வரையறுத்தது. அதே தொகுப்பில், வீட்டில் இருந்து ஒரு முதலாளிக்காகப் பொருளோ சேவையோ செய்து கொடுப்பவர் ‘வீடு சார்ந்த தொழிலாளி’ என்ற வரையறையும் இருக்கிறது. தட்டச்சு செய்பவரும் படத்துக்குக் குறியிடுபவரும் அதற்குள் ஏன் வரக் கூடாது? தமிழ்நாடு அரசு 2023 டிசம்பரில் அமைத்த கிக் தொழிலாளர் நல வாரியத்தின் பேச்சில் முன்னால் நிற்பவர்கள் உணவும் பொருளும் கொண்டுவரும் இளைஞர்கள். அவர்களுக்கு அது மிக அவசியம். வீட்டுக்குள் திரை முன் உட்கார்ந்திருப்பவர்கள் சாலையில் தென்படுவதில்லை. தென்படாததால் கணக்கிலும் வருவதில்லை. வீட்டுவேலைத் தொழிலாளருக்கு மற்றவர்களுக்குச் சமமான நடத்தை வேண்டும் என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177ஆவது உடன்படிக்கை 1996லேயே வந்துவிட்டது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை.

என்ன செய்யலாம்?

தனி ஒருவர் செய்யக்கூடியது தெளிவானது. கேப்ட்சா, லைக், விளம்பரம் பார்ப்பது ஆகியவற்றின் பக்கமே போக வேண்டாம். நுண்பணியைப் பழகுவதற்காக மட்டும் சில வாரம் செய்யலாம். கைவசம் இருக்கும் ஒரு திறமையை, அது தமிழ்த் தட்டச்சோ கணக்குப் பாடமோ கர்நாடக சங்கீதமோ, எடுத்து அதை ஆன்லைனுக்குக் கொண்டுபோவதே லாபம். வரும் பணத்துக்கெல்லாம் வங்கி வழியே பதிவு இருக்கட்டும். தொகை சிறியதானாலும் வருமான வரிக் கணக்கில் காட்டிவிட்டால், பிறகு கடன் கேட்கும்போதும் அது துணை நிற்கும். இ-ஷ்ரம் தளத்தில் பதிவது இலவசம். அரசின் எண்ணிக்கையில் நாம் வருவதற்கு இப்போதைக்கு இருக்கும் வழி அதுதான்.

தனியாளின் எச்சரிக்கை மட்டும் போதாது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் சேமிப்புக்கும் கடனுக்கும் கூடியதுபோல் ஆன்லைன் வேலைக்கும் கூடலாம்: ஒலிப்பதிவு எழுதும் பத்துப் பேர் சேர்ந்து ஒரே கூலி கேட்டால், ஆளுக்கு ஆள் விலை குறைக்க முடியாது. அரசிடம் கேட்க வேண்டியவை நான்கு. துண்டுக் கூலியை மணிக்கணக்கில் கணக்கிட்டுக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகாமல் பார்க்க வேண்டும். வேலையை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். நிராகரித்த வேலையைப் பயன்படுத்தினால் கூலியும் கொடுக்க வேண்டும். கிக் தொழிலாளர் நல வாரியத்தில் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களையும் சேர்க்க வேண்டும்.

இவை எதுவும் எட்டாத கனவு அல்ல. முறத்தை மடியில் வைத்து உழைத்த பெண்களுக்குச் சங்கமும் சட்டமும் தீர்ப்பும் சேர்ந்து அடையாள அட்டையையும் வைப்பு நிதியையும் வாங்கிக் கொடுத்த வரலாறு நம்மிடம் இருக்கிறது. திரை முன் உழைப்பவருக்கும் அதையே வாங்கித் தர முடியும். அதற்கு முதலில் நாம் அவர் செய்வதை ‘சும்மா இருக்கும் நேரத்தில் நாலு காசு’ என்று சொல்வதை விட்டு, வேலை என்று சொல்லப் பழக வேண்டும்.